என்.ஜி.ஆர். என்னும் காவல்காரன்



சென்ற கோடை விடுமுறையில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். முதல் நாள் ஜெனரேட்டர் ஹவுஸைச் சுற்றிக் காட்டினார்கள். பின்பக்கச் சுவரோரம், மார்பு உயரத்தில் நான்கு இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு பெயிண்டில் மூன்று ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்து பாதி அழிந்திருந்தது. நான் அதை 'எம்.ஜி.ஆர்.' என்று படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் அண்ணனிடம், "இங்க எல்லாரும் எம்.ஜி.ஆர். ரசிகருங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

ஜெனரேட்டர் ஹவுஸே சிரித்தது. பயிற்சி முடியும் வரை எனக்கு 'வாத்தியார்' என்றே பெயர்.

அது எம்.ஜி.ஆர். இல்லை, என்.ஜி.ஆர். அதாவது 'நியூட்ரல் கிரவுண்டிங் ரெசிஸ்டர்'. ஜெனரேட்டரின் நியூட்ரல் முனைக்கும் பூமிக்கும் நடுவே வைக்கப்படும் ஒரு மின்தடை. நமது பாடப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம்கூட இல்லை. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்தால் உண்டு. ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இரண்டு மதிப்பெண்ணில் அடங்குவதாக இல்லை. ஆகவேதான் இந்த ஆண்டு மலரில் எழுதத் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

ஏன் 11,000 வோல்ட்?

2012-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்திய மின் தொகுப்பே சரிந்து, பல மாநிலங்கள் இருளில் மூழ்கின. இப்படிப்பட்ட நேரங்களில் மருத்துவமனை, தொழிற்சாலை, கம்ப்யூட்டர் தரவு மையம் இவை நிற்காமல் ஓட வேண்டுமானால் சொந்த டீசல் ஜெனரேட்டர் வேண்டும்.

கடைத்தெருவில் நாம் பார்க்கும் மூன்று பேஸ் ஜெனரேட்டர் எல்லாம் 415 வோல்ட். பெரிய இடங்களுக்கு அது போதாது. நான் சென்ற ஆலையில் இருந்தவை 2,000 கே.வி.ஏ. செட்டுகள் நான்கு. ஒரு செட்டின் முழுச்சுமை மின்னோட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போமா?

415 வோல்ட் என்றால்: 20,00,000 ÷ (1.732 × 415) = சுமார் 2,780 ஆம்பியர்.

11,000 வோல்ட் என்றால்: 20,00,000 ÷ (1.732 × 11,000) = சுமார் 105 ஆம்பியர்.

2,780 ஆம்பியரைக் கொண்டுபோக எத்தனை கேபிள், எவ்வளவு செம்பு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 105 ஆம்பியருக்கு ஒரே ஒரு கேபிள் போதும். அதனால்தான் பெரிய ஆலைகளில் 3.3, 6.6, 11 கிலோவோல்ட் ஜெனரேட்டர்களை நிறுவுகிறார்கள். ஆனால் வோல்டேஜ் ஏறினால் பொறுப்பும் ஏறும்.

நியூட்ரலை ஏன் மண்ணோடு சேர்க்க வேண்டும்?

ஆல்டர்னேட்டரின் மூன்று பேஸ் சுற்றுகளும் ஸ்டார் வடிவில் சேரும் புள்ளிதான் நியூட்ரல். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 11,000 ÷ 1.732 = 6,351 வோல்ட். மூன்று பேஸும் சமமாக இருக்கும்போது நியூட்ரல் ஏறக்குறைய பூஜ்யத்தில், அமைதியாக இருக்கும்.

மின்சாரத்தில் வரும் பழுதுகளில் மிகப் பெரும்பான்மையானது ஒரு பேஸ் மட்டும் எர்த் ஆவது. கேபிள் இன்சுலேஷன் கெட்டு உறையைத் தொடும், மோட்டார் சுற்று பாடியைத் தொடும், டெர்மினல் பெட்டிக்குள் எலி புகும். அப்போது என்ன நடக்கும் என்பதை நியூட்ரலை நாம் எப்படி விட்டிருக்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: நேரே எர்த் செய்வது

நம் வீட்டுக்கு வரும் மின்மாற்றியில் நியூட்ரலை நேரே பூமியில் புதைத்துவிடுகிறார்கள். ஜெனரேட்டரிலும் அப்படியே செய்தால் என்ன என்று நானும் கேட்டேன். போர்மேன் சார் சுவரில் சாக்பீஸால் ஒரு கணக்குப் போட்டார்.

ஜெனரேட்டரின் சப்-டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேஸும் ஒன்றாக ஷார்ட் ஆனால் வரும் மின்னோட்டம் 105 ÷ 0.15 = 700 ஆம்பியர். ஒரு பேஸ் மட்டும் எர்த் ஆனால் கணக்கு வேறு. பாசிட்டிவ், நெகடிவ், ஜீரோ என்ற மூன்று சீக்வென்ஸ் ரியாக்டன்ஸையும் கூட்ட வேண்டும். ஜெனரேட்டர்களில் ஜீரோ சீக்வென்ஸ் மட்டும் மிகக் குறைவு. அதை 5 சதவீதம் என்று கொண்டால், 3 ÷ (0.15 + 0.15 + 0.05) = 8.57 மடங்கு. அதாவது சுமார் 900 ஆம்பியர்!

ஒரே ஒரு பேஸ் எர்த் ஆவது, மூன்று பேஸும் ஷார்ட் ஆவதைவிடக் கொடியதாகிவிடுகிறது. சாதாரணமாக ஜெனரேட்டரின் சுற்றுகள் மூன்று பேஸ் ஷார்ட்டின் விசையைத் தாங்கும் அளவுக்குத்தான் கட்டப்படுகின்றன. அதற்கு மேல் தாங்கும் என்று தயாரிப்பாளர் உறுதி கூறியிருந்தால் ஒழிய நேரே எர்த் செய்யக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. பழுது ஸ்டேட்டருக்கு உள்ளேயே நடந்தால் அந்த மின்னோட்டம் இரும்புக் கோர் வழியாகப் பாயும். கோர் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு, தகட்டுக்குத் தகடு இன்சுலேஷன் பூசப்பட்டிருக்கும். தீப்பொறி அந்தத் தகடுகளை உருக்கி ஒன்றாக ஒட்டிவிட்டால், அந்த இடத்தில் சுழல் மின்னோட்டம் ஓடி எப்போதும் சூடேறிக்கொண்டே இருக்கும். காயில் எரிந்தால் மாற்றிக் கட்டலாம். கோர் உருகினால் தகடு முழுவதையும் பிரித்து அடுக்க வேண்டும். "காயிலு போனா காசு போச்சு, கோர் போனா மெஷினே போச்சு" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

இரண்டாம் வழி: எர்த்தே செய்யாமல் விடுவது

அப்படியானால் நியூட்ரலை எதோடும் சேர்க்காமல் தனியே விட்டுவிட்டால்? மின்னோட்டம் திரும்பிவர வழியே இல்லையே, பழுது நேர்ந்தாலும் ஒன்றும் ஆகாதல்லவா? எனக்கு இது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஆனால் கேபிளுக்கும் மண்ணுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கேபிளுக்கு, பேஸ் ஒன்றுக்கு 0.3 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், எர்த் பழுதின்போது சுமார் 1.8 ஆம்பியர் அந்த வழியாகப் பாயும். இது சின்ன மின்னோட்டம்தான். ஆனால் மூன்று தொல்லைகளைச் செய்யும்.

ஒன்று, ஒரு பேஸ் எர்த் ஆனதும் நியூட்ரல் 6,351 வோல்ட்டுக்கு ஏறிவிடும். நல்ல நிலையில் உள்ள மற்ற இரண்டு பேஸும் மண்ணைப் பொறுத்து 6,351-லிருந்து 11,000 வோல்ட்டாகிவிடும். கேபிள் முழுவதும், மோட்டார் முழுவதும் இந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும்.

இரண்டு, பழுதில் தீப்பொறி விட்டு விட்டு எரியும். அணையும், மீண்டும் பற்றும். ஒவ்வொரு முறையும் கேபிளில் தேங்கிய மின்னூட்டம் ஏறிக்கொண்டே போகும். இயல்பான அளவைப் போல ஐந்து ஆறு மடங்கு வரை வோல்டேஜ் எகிறலாம் என்று நமது புத்தகத்தில் 'ஆர்க்கிங் கிரவுண்ட்' என்ற தலைப்பில் படித்திருக்கிறோம். ஜெர்மனியில் வால்டெமார் பீட்டர்சன் என்ற பேராசிரியர் முதல் உலகப் போர்க் காலத்தில் கண்டுபிடித்த 'பீட்டர்சன் காயில்' இந்தத் தொல்லைக்கு வைத்தியமாக வந்ததுதான்.

மூன்று, இதுவே எல்லாவற்றிலும் மோசம். பழுது வந்ததே தெரியாது. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சாதாரண எர்த் ரிலே வேலை செய்யாது. முதல் பழுது கவனிக்கப்படாமல் கிடக்கும்போதே வேறொரு பேஸில் இரண்டாவது பழுது வந்தால், அது பேஸுக்குப் பேஸ் ஷார்ட். அப்புறம் தீயணைப்பு வண்டிதான்.

மூன்றாம் வழி: அளந்து விடுவது

நேரே சேர்த்தாலும் ஆபத்து, சேர்க்காவிட்டாலும் ஆபத்து. ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு மின்தடையை வைத்து, 'இவ்வளவுதான் போகலாம்' என்று அளவு கட்டுகிறார்கள்.

எர்த் மின்னோட்டம் 100 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிதான். 6,351 ÷ 100 = 63.5 ஓம். நான் பார்த்த நான்கு பெட்டிகளிலும் பித்தளைத் தகட்டில் 63.5 ஓம், 100 ஆம்பியர், 10 விநாடி என்றே பொறித்திருந்தது.

இந்த 100 ஆம்பியர், ரிலே தெளிவாகப் பார்த்துப் பிரேக்கரை விழவைக்கப் போதுமானது. கோரை உருக்கும் அளவுக்குப் பெரியதும் அல்ல. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கொண்டால், 900 ஆம்பியருக்கும் 100 ஆம்பியருக்கும் 81 மடங்கு வித்தியாசம். தவிர, கேபிளில் தேங்கும் மின்னூட்டமும் மின்தடை வழியே வடிந்துவிடுவதால் ஆர்க்கிங் கிரவுண்ட் தொல்லையும் இல்லை.

பயிற்சிக் காலத்தில் நான் அப்பாவோடுதான் தங்கியிருந்தேன். அப்பா அதே ஊரில் ஒரு நெல் குடோனில் நைட் வாட்ச்மேன். ஊரில் விவசாயம் நொடித்த பிறகு வந்த வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். தினமும் ராத்திரி, "இன்னிக்கு என்னடா கத்துக்கிட்ட?" என்று கேட்பார். அவருக்குச் சொல்லிப் புரியவைத்தால்தான் எனக்கே புரிந்தது என்று அர்த்தம். இந்த மூன்று வழியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்பா சொன்னார்:

"அதான் நம்ம ஏரிக் கலிங்கு மாதிரின்னு சொல்லு. கலிங்கே இல்லாம ஏரி கட்டினா ஒரு மழைக்குக் கரை எங்கன்னு பார்த்து ஒடைச்சுக்கும். அதுக்குப் பயந்து கரையையே வெட்டி விட்டா ஊரு முழுகிடும். கலிங்கு வெச்சா அளவாப் போவும். அதுமட்டுமில்லடா, கலிங்குல தண்ணி விழற சத்தம் கேட்டாத்தான் ஏரி ரொம்பிருச்சுன்னு ஊருக்கே தெரியும்."

காப்பதும் அதுவே, தகவல் சொல்வதும் அதுவே. என்.ஜி.ஆர். பற்றி இதைவிடச் சிறப்பாக யாரும் எனக்கு விளக்கவில்லை.

கலிங்கின் உயரம் எவ்வளவு?

100 ஆம்பியர் என்பது சட்டமல்ல. 100 முதல் 400 ஆம்பியர் வரை விட்டு உடனே டிரிப் செய்வது குறைந்த மின்தடை முறை. 10 ஆம்பியர் அல்லது அதற்கும் கீழே கட்டுவது உயர் மின்தடை முறை. உயர் மின்தடை முறையில் ஒரு நிபந்தனை உண்டு. மின்தடை வழியே போகும் மின்னோட்டம், கேபிளின் கெப்பாசிட்டர் மின்னோட்டத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஆர்க்கிங் கிரவுண்ட் பேய் திரும்பி வந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் கேபிள் என்றால் மேலே சொன்ன கணக்குப்படி 3.6 ஆம்பியர். அதற்கு மேல்தான் வைக்க வேண்டும்.

ரிலேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10 ஆம்பியரில் ரிலே எடுக்கும்படி வைத்தால் சுற்று முழுவதும் பாதுகாப்பில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பழுது நியூட்ரலுக்குப் பக்கத்தில், சுற்றின் 10 சதவீத தூரத்தில் வந்தால், அங்கே இருப்பது 635 வோல்ட்தான். 635 ÷ 63.5 = 10 ஆம்பியர். அதற்கும் உள்ளே பழுது வந்தால் ரிலேவுக்குத் தெரியாது. கடைசி 10 சதவீதம் காவல் இல்லாத இடம்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது நிக்கல்-குரோமியம் கலப்பு உலோகப் பட்டைகள் பீங்கான் தாங்கிகளின் மேல் அடுக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் காற்றுப் போக சன்னல் போன்ற தகடுகள். நியூட்ரலிலிருந்து வரும் கேபிள் மேலே ஒரு பீங்கான் புஷிங்கில் சேர்ந்து, ஒரு செம்புப் பட்டை வழியாக மின்தடைக்குப் போகும். மறுமுனை ஒரு சி.டி.-யைக் கடந்து எர்த் குழிக்குப் போகும். எர்த் இணைப்பு ஒன்றல்ல, தனித்தனியாக இரண்டு இருக்க வேண்டும். எர்த்திங் பற்றிய நமது இந்தியத் தர நூல் ஐ.எஸ். 3043.

பழுது நேரத்தில் 6,351 × 100 = 635 கிலோவாட் அந்தப் பெட்டிக்குள் வெப்பமாக மாறும். பத்து விநாடியில் அது 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பட்டைகள் 760 டிகிரி வரை சூடேறலாம் என்ற கணக்கில் செய்கிறார்கள். அதனால்தான் '10 விநாடி' என்று எழுதியிருக்கிறது. அதற்குள் பிரேக்கர் விழாவிட்டால் காவல்காரனே எரிந்துபோவான்.

பல ஜெனரேட்டர்கள் சேர்ந்து ஓடினால்

இங்கேதான் சிக்கல். நான்கு செட்டும் ஒரே பஸ்பாரில் ஓடினால், நான்கு என்.ஜி.ஆர்.-களும் பழுதுக்கு மின்னோட்டம் கொடுக்கும். 100 என்பது 400 ஆம்பியராகிவிடும். பத்து செட் இருந்தால் 1,000. செட்டுகளின் சுற்று அமைப்பு ஒன்றுபோல இல்லையென்றால், மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டம் ஒரு நியூட்ரலிலிருந்து இன்னொரு நியூட்ரலுக்கு எர்த் வழியாகச் சுற்றிச் சுற்றி வரும்.

இதற்குச் சில இடங்களில் ஒவ்வொரு நியூட்ரலுக்கும் ஒரு கான்டாக்டர் வைத்து, எந்த நேரத்திலும் ஒரு ஜெனரேட்டர் மட்டும் எர்த் ஆகியிருக்கும்படி செய்கிறார்கள். அந்தச் செட் நின்றால் அடுத்த செட்டின் கான்டாக்டர் உடனே மூட வேண்டும். வேறு சில இடங்களில் பஸ்பாரிலேயே ஒரு ஜிக்-ஜாக் எர்த்திங் டிரான்ஸ்பார்மரை வைத்து, எத்தனை செட் ஓடினாலும் எர்த் மின்னோட்டத்தின் பெரும்பகுதி அங்கிருந்தே வரும்படி செய்கிறார்கள்.

இன்னொரு நுட்பம். ஜெனரேட்டருக்கு உள்ளேயே பழுது என்றால் பிரேக்கர் விழுந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். முடிவதில்லை. இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கிறது, ரோட்டாரின் காந்தப்புலம் அடங்கச் சில விநாடி ஆகும். அதுவரை அந்த ஜெனரேட்டர் தன் சொந்த நியூட்ரல் வழியாகத் தன்னையே எரித்துக்கொண்டிருக்கும். இதைப் பற்றி ஐ.ட்ரிபிள்.ஈ. அமைப்பின் பொறியாளர் குழு ஒன்று 2004-இல் ஒரு கட்டுரைத் தொடர் வெளியிட்டது. அதில் கூறப்பட்ட வழி 'ஹைபிரிட்' முறை. ஒவ்வொரு ஜெனரேட்டரின் நியூட்ரலிலும் குறைந்த மின்தடை ஒன்று, உயர் மின்தடை ஒன்று என இரண்டு வைப்பார்கள். உள்ளே பழுது என்று ரிலே கண்டதும் குறைந்த மின்தடையின் பாதையை ஒரு வேக்குவம் சுவிட்ச் துண்டித்துவிடும். மீதி விநாடிகளில் 10 ஆம்பியருக்குள்தான் ஓடும், கோர் பிழைக்கும்.

மூன்றாம் எண் பெட்டி

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈ.பி. சப்ளை இருந்ததால் நான்கு செட்டையும் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, பிரேக்கரை வெளியே இழுத்துப் பூட்டிவிட்டு, என்.ஜி.ஆர். பெட்டிகளைத் திறந்து தூசி தட்டினோம். எனக்குக் கொடுத்த வேலை பிரஷ் பிடிப்பது. ஒன்றாம் பெட்டி, இரண்டாம் பெட்டி முடித்து மூன்றாவதைத் திறந்தேன். புஷிங்கிலிருந்து மின்தடைக்குப் போகும் அந்தச் செம்புப் பட்டை இல்லை. இரண்டு போல்ட்டும் வாஷரும் மட்டும் இருந்தன.

எனக்குத் திக்கென்றது. ஆனால் 'பல செட் ஓடும்போது ஒரு நியூட்ரலை மட்டும்தான் எர்த் செய்வார்கள்' என்று அதற்கு முந்தைய வாரம்தான் படித்திருந்தேன். ஒருவேளை வேண்டுமென்றே கழற்றியிருப்பார்களோ? இருபது வருடம் சர்வீஸ் உள்ளவர்கள் முன்னால் நான் போய் என்ன சொல்வது? ஏற்கெனவே 'எம்.ஜி.ஆர்.' என்று படித்தவன். இன்னொரு முறை சிரிப்பார்கள். சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டியவன் நான். தூசியைத் தட்டி, மூடியைப் போட்டு, போல்ட்டை இறுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரவு மழையில் ஈ.பி. சப்ளை போய்விட்டது. புதன் காலை லாக் புத்தகத்தைப் பார்த்தேன். இரவுச் சுமை குறைவு என்பதால் ஒரே ஒரு செட் இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. எந்தச் செட்? மூன்றாம் எண்.

மற்ற செட்டுகளோடு சேர்ந்து ஓடும்வரை அவற்றின் நியூட்ரல்கள் மூன்றாம் செட்டுக்கும் காவல் காத்துவந்தன. அதனால் யாருக்கும் தெரியவில்லை. தனியாக ஓடியபோது அந்த ஆலை முழுவதும் எர்த்தே இல்லாமல் ஓடியிருக்கிறது. கலிங்கு இல்லாத ஏரி! மழை வேறு. அந்த நேரத்தில் ஒரு கேபிள் எர்த் ஆகியிருந்தால் ரிலே ஊமையாக இருந்திருக்கும். உள்ளே இரவு ஷிஃப்டில் ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "பூட்டு ஒடைஞ்சிருக்கிறதப் பார்த்துட்டு, மொதலாளியே ஒடைச்சிருப்பாரோன்னு வாட்ச்மேன் சும்மா இருந்தா அவனுக்குச் சம்பளம் எதுக்கு? அவரே ஒடைச்சிருந்தா 'ஆமாம்ப்பா'ன்னு சொல்லிட்டுப் போறாரு. உனக்கு என்ன நஷ்டம்?" என்று மட்டும் கேட்டார்.

வியாழன் காலை போர்மேன் சாரிடம் போய் நின்றேன். "வருஷா வருஷம் டெஸ்ட் பண்றாங்க தம்பி, அதெல்லாம் சரியா இருக்கும்" என்றார் முதலில். "இல்ல சார், டிராயிங்ல நாலு நியூட்ரலும் நேரா ரெசிஸ்டருக்குத்தான் போகுது, கான்டாக்டரே இல்ல சார்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். டிராயிங்கை எடுத்து விரித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்து ஜெனரேட்டர் ஹவுஸுக்கு நடந்தார்.

முறைப்படி மூன்றாம் செட்டைத் தனிமைப்படுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். பட்டை இல்லை. ஆறு மாதத்திற்கு முன் மெக்கர் வைத்து ஜெனரேட்டரின் இன்சுலேஷனைச் சோதித்திருக்கிறார்கள். அப்போது நியூட்ரலை எர்த்திலிருந்து பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மெக்கர் பூஜ்யம்தான் காட்டும். பிரித்தவர்கள் திரும்ப மாட்ட மறந்திருக்கிறார்கள். ஸ்டோரில் மெக்கர் வைத்திருந்த பைக்குள்ளேயே அந்தச் செம்புப் பட்டை இருந்தது.

பட்டையை மாட்டுவதற்கு முன் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தார்கள். 63.8 ஓம். சரியாக இருந்தது. பட்டையை மாட்டி, போல்ட்டை இறுக்கி, லாக் புத்தகத்தில் தேதியும் நேரமும் எழுதினார் போர்மேன் சார். யாரையும் திட்டவில்லை. திரும்பி வரும்போது என்னிடம், "ஞாயித்துக்கிழமையே பார்த்தியா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்' இன்றும் என் காதில் கேட்கிறது.

பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

1. 'நியூட்ரல்தானே' என்று அலட்சியம் வேண்டாம். பழுது நேரத்தில் அந்தப் புஷிங்கில் 6,351 வோல்ட் நிற்கும். செட் ஓடும்போதோ, தனிமைப்படுத்தாமலோ என்.ஜி.ஆர். பெட்டியைத் தொடவே கூடாது.

2. பல செட்டுகளின் நியூட்ரல்கள் ஒரே நியூட்ரல் பஸ்ஸில் சேர்ந்திருந்தால், நின்றுபோன செட்டின் நியூட்ரலுக்கும் வோல்டேஜ் வரலாம். நின்ற மெஷின் செத்த மெஷின் அல்ல.

3. மெக்கர் டெஸ்ட்டுக்கு எதைக் கழற்றினாலும் எழுதி வையுங்கள். மாட்டிய பிறகு அடித்துவிடுங்கள். முடிந்ததும் மின்தடையை அளந்து, தகட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. என்.ஜி.ஆர்.-இல் சாதாரண நாளில் ஏறக்குறைய மின்னோட்டமே ஓடாது. ஆகவே அது அறுந்துபோனாலும் எந்த விளக்கும் எரியாது, எந்த மணியும் அடிக்காது. இதற்கென்றே மின்தடை முழுசாக இருக்கிறதா என்று இடைவிடாமல் பார்க்கும் மானிட்டர் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. அது இல்லாத இடத்தில் நம் கண்தான் மானிட்டர்.

5. டிராயிங்கைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தபோது எனக்குத் துணை நின்றது அந்தத் தாள் ஒன்றுதான்.

நண்பர்களே, என்னைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறோம். 'நமக்கு என்ன தெரியும், பெரியவர்கள் சரியாகத்தான் செய்திருப்பார்கள்' என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தால் நான் ஞாயிறு முதல் வியாழன் வரை நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அப்பா ராத்திரி முழுவதும் குடோன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் நடப்பதில்லை. 'சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்' என்று சொல்பவர்களும் உண்டு. நானே சின்ன வயதில் நண்பர்களிடம் அப்பாவின் வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறேன். என்.ஜி.ஆர். பெட்டியும் வருடம் முழுக்கச் சும்மாதான் நிற்கிறது. அது வேலை செய்ய வேண்டிய நேரம் எல்லாம் கூட்டினால் பத்து விநாடிதான். ஆனால் அந்தப் பத்து விநாடிக்கு அது அங்கே இருக்க வேண்டும்.

பயிற்சி முடிந்த கடைசி நாள், முதல் எழுத்து அழிந்த அந்தப் பெட்டிகளுக்குப் புது பெயிண்ட் அடிக்கும் வேலையை போர்மேன் சார் எனக்கே கொடுத்தார். "நல்லா தெரியற மாதிரி எழுது வாத்தியாரே, அடுத்து வர்றவனாவது சரியாப் படிக்கட்டும்" என்றார். நான்கு பெட்டியிலும் பெரிதாக எழுதினேன். மூன்றாம் பெட்டியில் மட்டும் இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன்.



— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை